மரத்திலிருந்து கட்டத்துக்கு: அரூப ஓவியம் எப்படிப் பிறக்கிறது?

கோடுகளும் கட்டங்களும் மட்டுமே இருக்கிற ஓர் ஓவியத்தைப் பார்த்ததும் "இவருக்கு வரையத் தெரியாது போல" என்று சொல்லிவிடுவது நமக்குப் பழகிப்போய்விட்டது. "இதை என் பொண்ணே போடுவாளே" என்பது அடுத்த வசனம். இன்னொரு பக்கம், ஓவியம் தெரிந்தவர்களாகக் கருதப்படுகிறவர்கள் "அதையெல்லாம் விளக்க முடியாது, உணரத்தான் வேண்டும்" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். முன்னது தவறான தகவல். பின்னது புதிதாக வருகிறவர் முகத்தில் கதவைச் சாத்துவது. அரூப ஓவியம் எப்படி உருவானது என்பதைப் படிப்படியாக விளக்க முடியும். ஒரு கரித்துண்டும் நாலைந்து தாளும் இருந்தால் புதுச்சேரி கடற்கரையில் உட்கார்ந்து நீங்களே வரைந்தும் பார்க்கலாம்.

இதற்கு நல்ல வழி, கடைசியில் வந்த கட்ட ஓவியத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அதை வரைந்தவர் முப்பது வயதை ஒட்டி வரைந்த நிலக்காட்சிகளைப் பார்ப்பது. இங்கே எடுத்துக்கொள்வது பியெட் மோந்திரியானை. நெதர்லாந்துக்காரர். சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்களைக் கறுப்புக் கோடுகள் பிரிக்கும் அந்த ஓவியங்களைப் பெயர் தெரியாமலேயே புடவையிலோ கைப்பையிலோ அலமாரிக் கதவிலோ பார்த்திருப்பீர்கள்.

நவீனம் வேறு, அரூபம் வேறு

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வோம். நவீன ஓவியம் என்பது ஒரு காலகட்டத்தையும் அதன் மனநிலையையும் குறிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து, கண்ணுக்குத் தெரிவதை அப்படியே நகலெடுப்பதுதான் ஓவியம் என்ற விதியை ஓவியர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வியிலிருந்து வந்தவை எல்லாம் நவீன ஓவியம்தான். அதில் ஆளும் இருப்பார், மாடும் இருக்கும், கட்டுமரமும் இருக்கும்.

அரூப ஓவியம் அதில் ஒரு கிளை. அடையாளம் காணக்கூடிய பொருள் எதையும் காட்டாமல், கோடு, நிறம், அளவு, இடைவெளி ஆகியவற்றால் மட்டுமே கட்டப்படுவது அது. ஆகவே அரூபம் எல்லாம் நவீனம். நவீனம் எல்லாம் அரூபம் ஆகாது. பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

மிச்சப் பாதிக்கு ஓர் உதாரணம். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கும் ஒருவருக்கு வீட்டுக்கு வரும் வழியை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுத் தருகிறீர்கள். இந்திரா காந்தி சிலை ஒரு சின்ன வட்டம், ராஜா தியேட்டர் ஒரு கட்டம், இடையில் ஒரு கோடு, இரண்டாவது திருப்பத்தில் ஓர் அம்புக்குறி. கடைகள், மரங்கள், போக்குவரத்து, வெயில் எதுவும் அதில் கிடையாது. ஆனாலும் அது ஊரைப் பற்றிய பொய் இல்லை. எது எதற்குப் பக்கத்தில், எங்கே வலம், எங்கே இடம் என்கிற உறவுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டிருக்கிறீர்கள். தெருவைத் தெரிந்தவரால்தான் அப்படி விட முடியும். தெரியாதவர் விட்டால் வந்தவர் முத்தியால்பேட்டையில் போய் நிற்பார்.

அரூபத்தின் அடிப்படை வேலையும் இதுதான்: பார்த்ததில் எதை விடுவது, எந்த உறவை வைத்துக்கொள்வது என்ற தேர்வு. மோந்திரியான் அந்தத் தேர்வை ஒரே நாளில் செய்துவிடவில்லை. கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அந்த இருபது ஆண்டின் தடங்கள் ஓவியங்களாகவே கிடைப்பதால்தான் அவர் தொடக்கப் பாடத்துக்கு இவ்வளவு பொருந்துகிறார்.

வரையத் தெரியாதவரா?

மோந்திரியான் 1872-இல் ஆமர்ஸ்ஃபோர்ட் நகரில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமையாசிரியர், ஓவியம் கற்பிக்கத் தகுதி பெற்றவர். சிற்றப்பா ஃப்ரிட்ஸ் நிலக்காட்சி ஓவியர். மகனும் 1889-லும் 1892-லும் ஓவிய ஆசிரியருக்கான இரண்டு அரசுத் தேர்வுகளில் தேறி, 1892-இல் ஆம்ஸ்டர்டாம் கலைக் கழகத்தில் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்கு அருங்காட்சியகங்களில் பழைய ஓவியங்களை நகலெடுத்துக் கொடுத்தார், பூக்கள் வரைந்து விற்றார். கட்ட ஓவியங்களால் அறியப்பட்ட பிறகும், 1920-களில், பணத் தேவைக்காகப் பூக்களை வரைந்துகொண்டிருந்தார். ஒற்றைச் செவ்வந்தியின் இதழ் அடுக்கை அவர் வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், வரையத் தெரியாதவர் என்ற பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஓரிடத்தில் நிலைகொள்ளாத ஓவியர் அவர். மங்கிய சாயங்கால ஆறுகள், பிறகு புள்ளிப் புள்ளியாக எரியும் வண்ணங்கள், பிறகு பொருளைத் துண்டுகளாக்கி அடுக்கும் கியூபிசம், பிறகு வெறும் கூட்டல் கழித்தல் குறிகள், பிறகு கட்டங்கள். எழுபது வயதில் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு தம் அடையாளமான கறுப்புக் கோடுகளையே தூக்கிப் போட்டார். ஒவ்வொரு முறையும் கைக்குப் பழகியதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். இந்த அலைச்சலில் மாறாமல் இருந்தது எது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

ஒரு பண்ணை வீடு, ஒரு வரிசை மரம், கொஞ்சம் தண்ணீர்

ஆம்ஸ்டர்டாமுக்கு வெளியே டாய்வென்ட்ரெக்ட் என்ற ஊர். அங்கே நீர்க்கரையில் இருந்த ஒரு பண்ணை வீட்டை அவர் 1905-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வரைந்தார், கரியிலும் வண்ணத்திலும். காட்சி எளிமையானது. நடுவில் தாழ்வான பண்ணை வீடு. அதற்கு முன்னால் இலையில்லாத மெலிந்த மரங்கள் வரிசையாக நிற்கின்றன. கீழே தண்ணீர். வீடும் மரமும் தண்ணீரில் தலைகீழாகத் தெரிகின்றன. ஆள் நடமாட்டமோ கதையோ கிடையாது.

இதை ஒரு நிமிடம் கூர்ந்து பார்ப்பவருக்கு மூன்று விஷயங்கள் தெரியும். மரத்தண்டுகள் எல்லாம் செங்குத்து. கரையும் கூரையின் அடிவிளிம்பும் கிடை. கரைக்கோட்டை அச்சாக வைத்து மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றை ஒன்று எதிரொலிக்கின்றன. பின்னாளில் உலகம் முழுக்கப் பேசப்பட்ட செங்குத்தும் கிடையும் இந்தச் சாதாரணப் பண்ணை வீட்டிலேயே இருக்கின்றன. இன்னும் மரமாகவும் கரையாகவும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: பல ஆண்டு கழித்து, 1916-இல், அரூபத்தின் வாசலையே தாண்டியிருந்த நேரத்திலும் இதே பண்ணை வீட்டை அவர் மறுபடி இயல்பான பாணியில் வரைந்திருக்கிறார். அந்தப் பிரதி சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. இயற்கையை வெறுத்ததால்தான் அரூபத்துக்குப் போனார் என்று மேம்போக்காகச் சொல்கிறவர்கள் இந்த 1916-ஐக் கணக்கில் எடுப்பதில்லை.

இயற்கையே பாதி வேலையைச் செய்கிறது

மோந்திரியான் தொடக்கத்தில் எதையும் வலிந்து நீக்கவில்லை. எந்த நேரத்தில், எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் நின்றால் இயற்கை தானாகவே விவரங்களைக் குறைத்துக் காட்டுமோ அங்கே போய் நின்றார். இதைப் புரிந்துகொண்டால் அரூபம் வானத்திலிருந்து குதித்தது போலத் தோன்றாது.

முதல் உதவி சாயங்காலம். சூரியன் சாய்ந்ததும் நிறங்கள் மங்குகின்றன. ஒளிக்கு எதிராக நிற்கும் பொருள்கள் உள்விவரம் இழந்து ஒரே இருள் திட்டாகின்றன. இதற்கு நிழலுரு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பட்டை, இலை, செங்கல், ஓடு எல்லாம் போய் வெளிக்கோடு மட்டும் மிஞ்சும். இங்கே ஓவியர்கள் டோன் என்று சொல்வதையும் அறிமுகப்படுத்திவிடலாம்: ஒரு நிறம் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்கிற அளவு அது. நண்பகலில் ஒரு காட்சியில் எத்தனையோ டோன்கள். அந்தி இருட்டும்போது வானம், தரை, மரம் என்று மூன்றாகச் சுருங்கிவிடும்.

இரண்டாவது உதவி குளிர்காலம். இலை உதிர்ந்த மரம் தன் எலும்புக்கூட்டைக் காட்டுகிறது. நம் பக்கம் இது குறைவு. ஆனால் நமக்குப் பனை இருக்கிறது. பாகூர் ஏரிக்கரையிலோ ஊசுடு ஏரிக்கரையிலோ நிற்கும் பனைகள் ஆண்டு முழுவதும் சுத்தமான செங்குத்துக் கோடுகள். டச்சுக்காரருக்குக் குளிர்காலம் செய்து கொடுத்ததை நமக்குப் பனை எல்லாப் பருவத்திலும் செய்து கொடுக்கிறது.

மூன்றாவது உதவி தண்ணீர். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், வரைகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். நேராக நிற்கும் மரத்தின் பிம்பம் அதற்கு நேர் கீழே விழும், பக்கவாட்டில் ஒதுங்காது. மரம் இடப்பக்கம் சாய்ந்திருந்தால் பிம்பமும் இடப்பக்கமே சாயும். பலர் வலப்பக்கம் சாய்த்துவிடுவார்கள், அங்கே படம் உடைந்துபோகும். இருட்டான பொருளின் பிம்பம் பெரும்பாலும் அசலைவிடக் கொஞ்சம் வெளுத்தும், வெளிச்சமான பொருளின் பிம்பம் அசலைவிடக் கொஞ்சம் மங்கியும் இருக்கும். இந்த விதிகளை ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் பார்த்தாலே சரிபார்த்துவிடலாம். பிம்பம் காட்சிக்கு இன்னொன்றையும் செய்கிறது: மேல் கீழ் என்ற வேறுபாட்டைத் தளர்த்துகிறது. ஆழமான வெளியாகத் தெரிந்த காட்சி, ஒரு தட்டையான வடிவமைப்பாகவும் தெரியத் தொடங்குகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: அந்தி நிறத்தைக் குறைக்கிறது, இலையின்மை விவரத்தைக் குறைக்கிறது, தண்ணீர் ஆழத்தைக் குறைக்கிறது. ஓவியர் செய்தது, சரியான இடத்தில் நின்றது. அதுவே பெரிய திறமை.

கிளைகளுக்கு நடுவே இருக்கும் வானம்

அடுத்த படி 1908-க்குப் பிறகு. நெதர்லாந்தின் தென்மேற்கே டோம்பர்க் என்ற கடலோர ஊருக்கு அவர் அந்த ஆண்டு முதல் போய்வந்தார். அந்த ஆண்டுகளில் ஒற்றை மரத்தை எடுத்துக்கொண்டார். மூன்று ஓவியங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். மூன்றுமே ஹேக் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்.

முதலாவது 1908-இல் தொடங்கி 1910-இல் முடித்த சிவப்பு மரம். நீலப் பின்னணியில் சிவந்து எரியும் தண்டும் கிளைகளும். நிறம் இயற்கைக்கு மாறானது, உருவம் மரமே. இரண்டாவது 1911-இன் சாம்பல் மரம். நிறம் போய்விட்டது. கிளைகள் வில்லாக வளைந்து ஓரம் வரை ஓடுகின்றன. மூன்றாவது 1912-இன் பூத்த ஆப்பிள் மரம். தலைப்பு இல்லாவிட்டால் மரம் என்று சொல்லத் தயங்குவீர்கள். வில் வில்லான கோடுகள் ஒன்றை ஒன்று வெட்டி, இலை போன்ற வெற்றிடங்களை உண்டாக்கியிருக்கின்றன. நடுவில் நெருக்கம், ஓரத்தில் தளர்ச்சி.

இந்த மூன்றுக்கும் நடுவே நடந்தது என்ன? சாம்பல் மரத்தில் விடை இருக்கிறது. அங்கே கிளையைவிடக் கிளைகளுக்கு இடையிலுள்ள வானம் அழுத்தமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. தூரிகைத் தடம் கிளையின் வளைவை ஒட்டியே வானத்திலும் ஓடுகிறது. பொருளுக்கும் பொருளுக்கும் நடுவே இருக்கும் வெற்றிடத்தின் வடிவத்தை இடைவெளி உருவம் என்போம். அதுவரை மரம் முன்னே, வானம் பின்னே. இப்போது இரண்டுக்கும் சம எடை. எது பொருள், எது பின்னணி என்ற படிநிலை போய்விட்டால் மரம் மரமாக நீடிக்க முடியாது. அது கோடுகளின் ஏற்பாடாக மாறியே தீரும். என் பார்வையில் அரூபத்தின் திறவுகோல் இந்த ஓரிடம்தான். மற்றதெல்லாம் இதன் விளைவு.

இடையில் ஒரு தூண்டுதலும் இருந்தது. 1911-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கண்காட்சியில் பிக்காசோ, பிராக் ஆகியோரின் படைப்புகள் வைக்கப்பட்டன. அவர்களுடைய கியூபிசம், ஒரு பொருளைப் பல பக்கங்களிலிருந்து பார்த்ததுபோல் துண்டுகளாக்கி ஒரே பரப்பில் அடுக்கும் முறை. மோந்திரியான் விரைவிலேயே பாரிசுக்கு இடம்பெயர்ந்தார், Mondriaan என்ற பெயரில் சேர்ந்து வரும் இரண்டு 'a'-வில் ஒன்றைக்கூட வெட்டிக்கொண்டார். ஆனால் மரத்தைத் துண்டாக்கும் எண்ணம் பாரிசில் மட்டும் முளைத்ததாகச் சொன்னால் அந்தப் பண்ணை வீட்டுக்கு நியாயம் செய்ததாகாது.

பாலமும் கடலும்

1914 கோடையில் தந்தையின் உடல்நலக் குறைவால் அவர் ஊருக்கு வந்தார். முதல் உலகப்போர் மூண்டது. பாரிசுக்குத் திரும்ப முடியவில்லை. 1919 வரை நெதர்லாந்திலேயே இருக்க நேர்ந்தது. அந்தக் கட்டாயத் தங்கலில் மறுபடி டோம்பர்க் கடற்கரையும் கரித்துண்டும்.

அந்தக் கடற்கரையில் மணலரிப்பைத் தடுக்க மரத்தூண்களை வரிசையாக ஊன்றியிருப்பார்கள், அவை கடலுக்குள் நீளும். மேட்டில் நின்று பார்த்தால் அந்த வரிசை நேராகக் கடலுக்குள் ஏறுவதுபோல் தெரியும். பாலமும் கடலும் என்ற தலைப்பில் அவர் வரைந்த கரிவரைவுகளில் கீழ்நடுவில் செங்குத்துக் கோடுகள் மேலே ஏறுகின்றன. தலைப்பில் வரும் பாலம் அந்தத் தூண் வரிசைதான். சுற்றிலும் குட்டைக் குட்டையான கிடைக்கோடுகளும் செங்குத்துக் கோடுகளும் சந்தித்தும் விலகியும் கிடக்கின்றன. அது அலை, அலைமேல் ஒளி, நட்சத்திரம். எல்லாம் ஒரு நீள்வட்டத்துக்குள். வரிசையில் ஐந்தாவது நியூயார்க்கின் நவீன ஓவிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது: கரியும் வண்ணமும், ஏறக்குறைய 88 செ.மீ. உயரம், 112 செ.மீ. அகலம். பெரிய தாள். சின்னக் குறிப்பேட்டுக் கிறுக்கல் என்று நினைத்துவிடக் கூடாது.

நீள்வட்டம் ஏன்? கோடுகளை நடுவில் நெருக்கி ஓரத்தில் தளர்த்தும்போது தாளின் நான்கு மூலைகளும் வேலையற்றுப் போகின்றன. மூலைகளை விட்டுவிட்டால் காட்சி தன் எல்லையைத் தானே முடிவு செய்கிறது. 1915-இல் இந்த வரிசை எண்ணெய் வண்ணத்தில் ஓர் ஓவியமாக முடிந்தது. கறுப்பு வெள்ளையில் அமைந்த பத்தாம் எண் கோர்வை என்று அதற்குப் பெயர். கூட்டல் குறி, கழித்தல் குறி போலவே தெரியும். ஆனாலும் கொஞ்ச நேரம் பார்த்தால் கடல் மினுங்குவதை உணரலாம். கடலின் தோற்றம் முழுதும் போன பிறகும் அதன் தாளம் இருக்கிறது. வழிக் குறிப்புப் படத்தில் தெரு போய்த் திருப்பங்கள் மிஞ்சியது போல.

செங்குத்துக்கும் கிடைக்கும் அவர் தத்துவக் காரணமும் வைத்திருந்தார். 1909-இல் பிரம்மஞான சபையில் சேர்ந்தவர். சென்னை அடையாற்றில் தலைமையகம் உள்ள அதே சபைதான். செங்குத்தை ஆண் தன்மையாகவும் கிடையைப் பெண் தன்மையாகவும் குறிப்பேடுகளில் எழுதினார். இந்த அடையாறு உறவு நமக்குச் சுவாரசியமானது. ஆனால் இதை மட்டும் வைத்து ஓவியத்தை விளக்குவது கூடாது. தத்துவம் கோடுகளுக்குப் பொருள் கொடுத்தது. கோடுகளைக் கொடுத்தவை பண்ணை வீட்டு மரங்களும் டோம்பர்க் தூண்களும்.

பிறகு வந்த கட்டங்கள்

இதை வேகமாகக் கடந்துவிடலாம். 1917-இல் டச்சு ஓவியர் தேயோ வான் தூஸ்பர்க் முதலியோருடன் சேர்ந்து 'டி ஸ்டைல்' இதழில் எழுதத் தொடங்கினார். 1920-க்குப் பிறகு கறுப்புக் கோடு, வெள்ளை, சாம்பல், மூன்று அடிப்படை நிறங்கள் என்று நிலைத்தது. இந்தக் கட்டத்தில் எந்தக் குறிப்பிட்ட காட்சியும் பின்னால் இல்லை. ஆகவே "இதில் மரம் எங்கே?" என்று தேடுவது வீண். 1938-இல் லண்டன், 1940-இல் நியூயார்க். அங்கே 1942-43-இல் வரைந்த 'பிராட்வே பூகி ஊகி' என்ற ஓவியத்தில் கறுப்புக் கோடுகளே இல்லை, மஞ்சள் பட்டைகளில் சின்னச் சின்னச் சதுரங்கள் ஓடுகின்றன. 1944 பிப்ரவரியில் காலமானார்.

அரூபத்துக்கு இது ஒன்றே பாதை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரஷ்ய ஓவியர் கண்டின்ஸ்கி நிறம், இசை வழியாக வந்தார். நம்முடைய கே.எம். ஆதிமூலம், காந்தியைக் கறுப்பு மைக் கோடுகளில் அவ்வளவு துல்லியமாக வரைந்தவர், பிற்காலத்தில் நிலத்தையும் வெளியையும் நினைவூட்டும் வண்ணப் பரப்புகளுக்குப் போனார். அவருடைய கோட்டையும் வண்ணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

கரித்துண்டோடு கடற்கரைக்கு

படித்துப் புரிந்தது கையில் ஏற, மூன்று தாள்கள் போதும். இடம்: புதுச்சேரி பீச் ரோடு, காந்தி சிலைப் பக்கம். 1952 புயலில் போன பழைய பிரெஞ்சுக்காலப் பாலத்தின் மிச்சத் தூண்கள் அங்கே கடலுக்குள் தலைகாட்டுகின்றன. டோம்பர்க் தூண்களுக்கு இதைவிட நெருங்கிய சொந்தம் நம் பக்கத்தில் கிடைக்காது. கடலூர்க்காரர்கள் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போகலாம், தூணுக்குப் பதில் கரையில் ஏற்றி வைத்த படகுகளை எடுத்துக்கொள்ளலாம்.

நேரம் முக்கியம். டோம்பர்க்கில் சூரியன் கடல் பக்கம் சாய்கிறது. நமக்குக் கடலில் உதிக்கிறது. ஆகவே நமக்கு நிழலுரு கிடைப்பது விடியலில். சாயங்காலம் போனால் வெளிச்சம் முதுகுப் பக்கமிருந்து வந்து தூண்களைத் தட்டையாகக் காட்டும். இன்னொரு வேறுபாடும் உண்டு. நாம் 12 பாகை வட அட்சத்தில் இருப்பதால் உதயத்துக்கு முந்தைய வெளிச்சம் ஏறக்குறைய 20 முதல் 25 நிமிடமே நீடிக்கும். நெதர்லாந்துக் கோடையில் அது 40 நிமிடத்துக்கும் மேல். எனவே சூரிய உதயத்துக்கு அரைமணி முன்பே இடம்பிடித்து, தாள் மாட்டித் தயாராக இருங்கள். காலையில் கடற்காற்று எழுவதற்கு முன்பு தாள் படபடக்காது என்பது கூடுதல் வசதி.

தேவையானவை: ஏ3 அளவுக் கார்ட்ரிட்ஜ் பேப்பர் (ஓவியம் வரையும் தாள்), கனம் 130 முதல் 150 ஜிஎஸ்எம், லேசான சொரசொரப்பு உள்ளது. வில்லோ சார்கோல் (வில்லோ மரக்குச்சியை எரித்த மெல்லிய கரி) நாலைந்து குச்சி. அழுத்திச் செய்த கம்ப்ரெஸ்டு சார்கோல் ஒன்று. பிசைந்து உருட்டக்கூடிய நீடட் இரேசர். பலகை, நான்கு பைண்டர் கிளிப். கரி உதிராமல் பிடித்து வைக்கும் ஃபிக்சட்டிவ் ஸ்பிரே. அடுப்புக்கரி வேண்டாம், அது சீராக எரியாததால் ஓரிடத்தில் மாவாகும், ஓரிடத்தில் தாளைக் கீறும். வழுவழுப்பான ஏ4 ஜெராக்ஸ் தாளும் வேண்டாம். கரித்தூள் தாளின் சொரசொரப்பில்தான் தங்கும்.

முதல் தாள் டோனுக்கு. கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், விவரம் கரைந்து மூன்று திட்டுகள் தெரியும்: வானம், கடல், தூண்கள். முதலில் தொடுவானத்தைப் போடுங்கள். அது எப்போதும் உங்கள் கண்மட்டத்தில் இருக்கும், உட்கார்ந்தால் கூடவே இறங்கும். நின்றுகொண்டு ஆரம்பித்து உட்கார்ந்துகொண்டு முடித்தால் தூண்கள் தண்ணீரில் மிதப்பது போலாகிவிடும். வில்லோ குச்சியை 3 செ.மீ. துண்டாக ஒடித்து, படுக்கையாகப் பிடித்துக் கடலையும் வானத்தையும் மெல்லப் பரப்புங்கள். தூணுக்கு மட்டும் கம்ப்ரெஸ்டு சார்கோல். அதை முதலிலேயே எடுக்கக் கூடாது, அழியாது. வெளிச்சப் பட்டைகளை அழிப்பானால் ஒற்றி எடுங்கள், தேய்த்தால் சாம்பல் பூசினது போலாகும். 15 நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் தாள் இடைவெளிக்கு. தூண்களை வரையாதீர்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே தெரியும் கடல் துண்டுகளின் வடிவத்தை மட்டும் வரையுங்கள். ஒன்று அகலமாக இருக்கும், அடுத்தது கீற்றாக இருக்கும். வரைந்து முடித்தால் தூண்கள் தாமாக வெள்ளையாய் நிற்கும். இதில் பெரும்பாலும் நடக்கும் தவறு, பழக்கத்தால் எல்லா இடைவெளியையும் சமமாக்கிவிடுவது. நீட்டிய கையில் குச்சியைப் பிடித்து, கட்டைவிரலால் அளந்து பாருங்கள். எந்த இரண்டும் சமமாக இருக்காது.

மூன்றாம் தாளுக்கு ஒரு விதி: செங்குத்தும் கிடையும் மட்டும், வளைவும் சாய்வும் கிடையாது. கோடு எதுவும் 3 செ.மீ.க்கு மேல் வேண்டாம், தூண் வரிசைக்கு மட்டும் விலக்கு. அருகே உடையும் அலைக்கு நீளக் கோடு, தூரம் போகப் போகக் குட்டையாக, நெருக்கமாக. ஒளி மினுங்கும் இடத்தில் கிடையைச் செங்குத்து வெட்டட்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் முன்பு கடலைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஈரக்காற்று நமக்கு நிரந்தரப் பிரச்சினை. தாள் ஈரம் குடித்தால் மேடுபள்ளமாகும், கரி திட்டுத்திட்டாகப் பிடிக்கும், அழித்தாலும் போகாது. தாள்களைக் கடைசி நிமிடம் வரை பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். ஸ்பிரேயைக் கடற்கரையில் அடிக்காமல் வீட்டில், ஜன்னலைத் திறந்து வைத்து, 30 செ.மீ. தள்ளி, மெல்லிய பூச்சாக இரண்டு முறை அடியுங்கள், இடையில் நன்றாகக் காயட்டும். நெருங்கி ஒரே முறையில் நனைத்தால் கரி ஓடி, டோன் எல்லாம் ஒன்றாகக் கறுத்துவிடும். பிறகு தாள்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து அடுக்குங்கள்.

மூன்றாம் தாளில் வரும் பெரிய தோல்வி, அது கொசுவலை போலாகிவிடுவது. காரணம் எளிது. உருவமும் நிறமும் போன பிறகு தாளில் மிஞ்சியிருப்பவை நீளமும் இடைவெளியும்தான். அவற்றையும் கடலிலிருந்து எடுக்காமல் கைப்பழக்கத்திலிருந்து எடுத்தால் எதுவுமே மிஞ்சாது. சோதிக்க ஒரு வழி: தாளைச் சுவரில் ஒட்டி, நாலடி தள்ளி நின்று பார்த்துவிட்டு, தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். கடலிலிருந்து வந்த தாள் என்றால், திருப்பியதும் கனம் மேலே ஏறி, விழப்போவது போல் சங்கடப்படுத்தும். எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்தால் முதல் இரண்டு தாளையும் அப்படியே வைத்துக்கொண்டு, மறுநாள் விடியலில் அதே இடத்தில் உட்கார்ந்து மூன்றாவதை மட்டும் மறுபடி போடுங்கள்.